டீச்சரின் முடி இரண்டு முறை கொட்டியது

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முடி கொட்டுகிறதே என்று யாராவது கேட்டால், எங்களிடம் ஒரு தயார் பதில் உண்டு: "நாலாம் மாசம் கொட்டும், பயப்படாதீங்க, தானா சரியாயிடும்." பெரும்பாலும் அது சரியான பதில்தான். இந்த நோயாளியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்னது பலித்தது. இரண்டாம் தடவை நான் சொன்னது தப்பு. நான் கொங்குப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன். நோயாளி யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நோயாளி

வயது 36. பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ, பிஎம்ஐ 42.7. நான்கு வருடமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி. சினைப்பையில் நீர்க்கட்டி என்று பல வருடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். மாதவிடாய் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். இதை நான் என் கையாலேயே ஃபைலில் எழுதினேன். எழுதியதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

சாப்பாடு சைவம், முட்டை மட்டும் உண்டு. அந்த முட்டையும் செவ்வாய், வெள்ளி, சனி கிடையாது. தலைமுடி இடுப்பு வரை, ஒற்றைப் பின்னல்.

மே மாதக் கோடை விடுமுறையில் ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். அதற்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.8, பெரிட்டின் 34. பெரிட்டின் என்பது உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் அளவு. 34 என்றதும் 'பரவாயில்லை' என்று தாண்டிப் போனோம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு உள்ளுக்குள் லேசான அழற்சி எப்போதும் இருக்கும், அது பெரிட்டினைச் சற்றுத் தூக்கிக் காட்டும். அதாவது, அவருடைய உண்மையான கையிருப்பு 34ஐ விடக் குறைவாகவே இருந்திருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆகஸ்ட்டில் எடை 84 கிலோ, சர்க்கரை மாத்திரை நின்றது.

மூன்று பிளாஸ்டிக் கவர்கள்

செப்டம்பர் முதல் வாரம் டீச்சர் மாமியாரோடு வந்தார். கைப்பையிலிருந்து மூன்று பிளாஸ்டிக் கவர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சுருட்டு முடி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் தேதி. கடைசிக் கவரில் எண்ணிக்கையும் எழுதியிருந்தது: 212.

"ஏனுங் மேடம், வேரோட வருதுங்க. பாருங்க, நுனியில வெள்ளையா இருக்குது. இனி முளைக்கவே முளைக்காதுங்களா?"

கொட்டிய முடியின் அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை முண்டு இருக்கும். அதைப் பார்த்து வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பயப்படாதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. உண்மையில் அது ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம். முடி முளைக்கும் குழி தலையின் தோலுக்குள் அப்படியே பத்திரமாக இருக்கிறது. அந்த வெள்ளை முண்டைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

அவருக்கு அவருடைய பள்ளிக்கூடத்தை வைத்தே விளக்கினேன். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. அதில் 85, 90 சதவீதம் எப்போதும் வேலையில், அதாவது வளர்ச்சியில் இருக்கும். மிச்சம் லீவில். லீவு சுமார் மூன்று மாதம். ஆளுக்கொரு தேதியில் லீவு எடுப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. தினமும் 50லிருந்து 100 முடி வரை விழும், நாம் கவனிப்பதும் இல்லை. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால், வேலையில் இருக்கும் முடிகளில் ஒரு பெரிய கூட்டம் ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்துவிடும். மயக்க மருந்து, அறுவை, முதல் சில வாரம் வெறும் திரவ ஆகாரம், மாதத்துக்கு ஆறேழு கிலோ எடை இறக்கம் என்று டீச்சருக்கு எல்லாம் ஒன்றாக வந்தது. லீவு முடியும் மூன்றாம், நான்காம் மாதம் அடியில் புது முடி கிளம்ப, பழையது மொத்தமாக உதிரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961ல் இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர் வைத்தார். இதில் தலைமுடி பாதிக்கு மேல் போவது அரிது, வழுக்கையும் விழாது.

"அப்போ இன்னைக்குக் கொட்டுறது மே மாசம் முடிவானதுங்களா?"

ஆமாம். அதனால்தான் செப்டம்பரில் மாற்றும் ஷாம்பூ எதுவும் செப்டம்பரில் கொட்டுவதை நிறுத்தாது. அந்த முடி மே மாதமே கிளம்பிவிட்டது, விழுவதுதான் இப்போது.

மாமியார் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். "இதுக்கா கண்ணு இப்படி அழுவுற? புள்ள பொறந்து நாலஞ்சு மாசத்துல எனக்குங் கொட்டுச்சு. அப்புறம் வந்துருச்சு" என்றார். நான் பத்து நிமிடம் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிரசவத்துக்குப் பின் கொட்டுவதும் இதே வகைதான். டைபாய்டு, டெங்கு, கொரோனா வந்து தேறியவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டியதும் இதுதான்.

212 என்ற எண்ணையும் சும்மா விடக் கூடாது. டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தலைக்குக் குளிப்பார். நடுவில் உள்ள நாட்களில் கழன்று, பின்னலுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததெல்லாம் குளிக்கும் அன்று ஒன்றாக வரும். 212ஐ மூன்றரை நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 60. சீப்பில் வருவதையும் சேர்த்தால் வழக்கத்தை விடக் கூடுதல்தான், ஆனால் அவர் பயந்த அளவு இல்லை. எண்ணுவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று.

தோல் டாக்டர் ஐம்பது, அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஏழு வந்தது. தலை முழுக்க ஒரே மாதிரி கொட்டுகிறது, வகிடு மட்டும் தனியாக அகலமாகவில்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் பரம்பரை வகை முடி மெலிவு சேர்ந்து வரலாம் என்பதால் வகிட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து இப்போது வேண்டாம் என்றார்.

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று 2021ல் ஒரு தொகுப்பாய்வு கணக்குப் போட்டது. 57 சதவீதம். இளவயதுப் பெண்களுக்கு அதிகம். முடி கொட்டியவர்களுக்குத் துத்தநாகம், ஃபோலிக் அமிலம், பெரிட்டின் மூன்றும் குறைவு. இதன் பின்பாதியை நான் கொஞ்சம் ஊன்றிப் படித்திருக்க வேண்டும்.

சாம்பாரில் பருப்பு

அன்று எடுத்த பரிசோதனையில் பெரிட்டின் 29. பெரிய இறக்கம் இல்லை. சாப்பாட்டு நோட்டுதான் மோசமாக இருந்தது. புரட்டாசி பிறந்ததும் இன்னும் மோசமானது, முட்டை முழுசாகவே நின்றுவிட்டது. காலையில் ஒரு இட்லி, சாம்பார். பதினொரு மணிக்கு மோர். மதியம் நாலு ஸ்பூன் ரசம் சாதம், கொஞ்சம் தயிர். சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ராத்திரி ராகிக் கஞ்சி. கூட்டிப் பார்த்தால் புரதம் 20 கிராம்கூடத் தேறவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும்.

"சாம்பார்ல பருப்பு இருக்குதுங்களே மேடம்" என்றார். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 2 கிராம் புரதம் தேறினால் பெரிது. பருப்பு சாப்பிடுகிறோம் என்று நாம் நினைப்பதில் பாதி புளித் தண்ணீர். ஆபரேஷனுக்கு முன்பு மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டவருக்கு ஏதோ கொஞ்சம் சேர்ந்தது. இப்போது வயிற்றில் இடமே ஒரு கரண்டிக்குத்தான்.

புரதப் பவுடர் வாங்கி வைத்திருந்தார். வெனிலா வாசம் குமட்டுகிறது என்று மூடி வைத்துவிட்டார். வாசம் சேர்க்காத பவுடராக மாற்றி, வெதுவெதுப்பான பாலில் சுக்குப் பொடியோடு கலக்கச் சொன்னேன். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டி தட்டும். துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் ஒரு சின்னக் கிண்ணம். பன்னீர் 50 கிராம், அதிலேயே 9 கிராம் புரதம் இருக்கிறது. மதியம் சோற்றுக்கு முன்னால் கடைந்த பருப்பு அரைக் கிண்ணம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். புரட்டாசி முடிந்ததும் முட்டை. எதைச் சாப்பிட்டாலும் புரதம் முதலில், சோறு கடைசியில், தண்ணீர் அரை மணி நேரம் தள்ளி. பள்ளியில் பதினொரு மணி இடைவேளைதான் சிக்கல், பத்து நிமிடத்தில் மென்று முடிக்க முடியாது. அந்த வேளைக்குப் பால் கலந்த பவுடரையே ஃப்ளாஸ்க்கில் கொண்டு போனார். நவம்பரில் கணக்கு 55 கிராமைத் தொட்டது.

இதற்கிடையில் வீட்டிலும் ஊரிலும் நடந்ததைச் சொல்லாவிட்டால் ஃபைல் நிறையாது. போர் தண்ணீர்தான் காரணம் என்று வீட்டுக்காரர் குழாயில் ஃபில்டர் மாட்டினார். நாத்தனார் சொன்னாரென்று சின்ன வெங்காயச் சாறு தேய்த்ததில் தலை எரிந்து சிவந்து, தோல் டாக்டரிடம் இன்னொரு முறை போக வேண்டி வந்தது. சமயபுரத்தில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று ஒரு யோசனை. வேண்டுதலுக்காகப் போடுவது அவரவர் விருப்பம்; ஆனால் சிரைப்பதால் தோலுக்கு அடியில் உள்ள குழியின் எண்ணிக்கை மாறாது.

அவரை உண்மையில் உடைத்தது வேறு. ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், மறைக்காம சொல்லுங்க, கேன்சருங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் முப்பது கிலோ இறங்கி, முடியும் மெலிந்தால் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆபரேஷன் செய்துகொண்டதை டீச்சர் பள்ளியில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், "சாப்பாட்டைக் குறைக்கத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டாங்க" என்ற பேச்சு வேறு. மூன்று மாத சராசரி சர்க்கரை 8.4லிருந்து 5.6க்கு வந்திருந்த அதே வாரம், "இந்த ஆபரேஷனே பண்ணியிருக்கக் கூடாதுங்க மேடம்" என்று என் முன்னால் அழுதார். முடிதானே என்று டாக்டர்கள் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். முடிக்குப் பயந்து மறுபடி சோற்றுக்கும் இனிப்புக்கும் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சமாளிக்க அவரே கண்டுபிடித்த வழிதான் சிறந்தது. இடுப்பு வரை இருந்த முடியைத் தோளுக்குக் கீழ் நாலு விரல் விட்டு வெட்டிக்கொண்டார். நீளம் குறைந்ததும் பின்னலின் நுனி எலி வால் மாதிரி தெரிவது நின்றது. உதிர்வதும் கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்தது. இழுத்துப் பின்னுவதை விட்டு, தளர்த்தி ஒரு கிளிப். பூ மட்டும் நிற்கவில்லை. இரண்டு முழம் மல்லிகையின் கனத்துக்குக் கிளிப் சரிந்துவிடும் என்று அரை முழத்தோடு நிறுத்திக்கொண்டார். கல்யாண வீடுகளுக்குச் சவுரி வைத்தார்.

ஜனவரியில் குளிக்கும் நாள் கணக்கு எழுபதுக்கு இறங்கியது. "தானா சரியாயிடும்னு சொன்னீங்க, ஆயிருச்சுங்க" என்றார். எனக்கும் பெருமைதான்.

ஏப்ரல் போன்

ஏப்ரலில் போன் வந்தது. மறுபடி கொட்டுகிறது. நான் ஏதோ வேலையில் இருந்தேன். வெயில் காலம், தேர்வு வேலை, எடை இன்னும் இறங்குகிறது என்று மனதுக்குள் காரணம் தேடிக்கொண்டு, "தானா சரியாயிடும் டீச்சர், மே மாசம் செக்கப்புக்கு வருவீங்கல்ல, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

அதுதான் தப்பு. ஆபரேஷன் அதிர்ச்சியால் கொட்டும் முடிக்கு ஒரு காலக்கெடு உண்டு: மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கும், பெரும்பாலும் ஆறு மாத காலத்துக்குள் அடங்கும். அடங்கியது மறுபடி ஆரம்பித்தாலோ, வருடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ அது வேறு கணக்கு. ஏதோ ஒரு சத்து தீர்ந்துவிட்டது என்று தேட வேண்டும். இதை நானே பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மே மாதப் பரிசோதனை. எடை 68. ஹீமோகுளோபின் 11.2, பார்வைக்கு மோசமில்லை. பெரிட்டின் 7. துத்தநாகம் 58, குறைந்தது எழுபது இருக்க வேண்டும். அப்புறம் எதிர்பாராத ஒன்று, தைராய்டு சோதனையில்: டிஎஸ்ஹெச் 0.08, மிகக் குறைவு; எஃப்டி4 அளவு கூடுதல். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவும் முடி கொட்டவைக்கும், எடையும் இறக்கும். எல்லாம் பொருந்துகிறதே என்று தைராய்டு டாக்டருக்குக் கடிதமே எழுதியாகிவிட்டது.

ஆனால் டீச்சருக்குப் படபடப்பு இல்லை, கை நடுங்கவில்லை, நாடி 72. சந்தேகப்பட்டு, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று எங்கள் மருத்துவர் கேட்டார். இல்லை என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, "முடிக்கு விட்டமின் மட்டும் ஆன்லைன்ல வாங்கினேனுங்க. அது மருந்து இல்லைங்களே" என்று டப்பாவை எடுத்தார். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான்.

பயோட்டின் குறைபாடு இருந்தாலொழிய அந்த மாத்திரை முடி கொட்டுவதை நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைராய்டு சோதனைகள் பலவும் பயோட்டினை ஒட்டும் பசையாக வைத்தே இயங்குகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாக இறங்கும், டி4 பொய்யாக ஏறும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையைக்கூடப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லும் மறுபடி 2019லும் எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்தோம்: டிஎஸ்ஹெச் 2.1. தைராய்டில் ஒன்றுமே இல்லை. அன்று யாரும் கேட்காமல் விட்டிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பித்திருப்போம்.

மிச்சம் இருந்தது இரும்பு. ஏப்ரலில் கொட்டினால் மூன்று மாதம் பின்னால் போய்த் தேட வேண்டும், ஜனவரி. டீச்சரின் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். நவம்பரில் இரும்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மலச்சிக்கல், கறுப்பாகப் போகிறது என்று பயம். நிறுத்துவதற்கு முன்பும் காலை டீயோடு, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துத்தான் போட்டிருக்கிறார். டீயும் கால்சியமும் இரும்பை உள்ளே விடாது. இரைப்பையை வெட்டியதால் அமிலச் சுரப்பு ஏற்கெனவே குறைவு, போதாததற்கு நெஞ்செரிச்சல் மாத்திரை மூன்று மாதத்தோடு நிற்க வேண்டியது ஒன்பதாம் மாதம் வரை ஓடியிருக்கிறது. அமிலம் இல்லாவிட்டால் இரும்பு சரியாகச் சேராது.

இவ்வளவும் எங்கள் பட்டியலில் உள்ள வழக்கமான காரணங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று அந்த நோட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக இருந்தது. அக்டோபரிலிருந்து மாதம் தவறாமல். எடை இறங்கியதும் நீர்க்கட்டித் தொந்தரவு குறைந்து, மாதவிடாய் ஒழுங்காகிவிட்டது. டீச்சருக்கு அதில் சந்தோஷம், கேட்டிருந்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு சாதாரண மாதவிடாயில் 30, 40 மில்லி என்றால் 15, 20 மில்லிகிராம் இரும்பு போகும். முன்பு வருடத்துக்கு மூன்று நான்கு முறை போனது இப்போது பன்னிரண்டு முறை. வரவு பாதியாகி, செலவு மூன்று மடங்கு. ஹீமோகுளோபினைக் காப்பாற்ற உடம்பு சேமிப்பைச் சுரண்டியிருக்கிறது, முடிக்கு மிஞ்சவில்லை.

மருத்துவர் இரும்பை டிரிப்பாக, ஒரே தவணையில் 1000 மில்லிகிராம் ஏற்றினார். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அந்த மருந்து பாஸ்பேட்டை இறக்கிவிடும் என்பதால் முதலில் அதைச் சரிபார்த்துக்கொண்டார். துத்தநாகத்துக்குத் தனியாக அதிக அளவு மாத்திரை தரவில்லை. அது செம்பைக் குறைத்து, புதிதாக ஒரு ரத்தசோகையைக் கொண்டுவரும். தினசரிப் பலசத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலே போதும் என்று விட்டோம். இரும்பு மாத்திரை இப்போது ராத்திரி, எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு, கால்சியம் மதியம், டீ இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி.

டிரிப் ஏற்றிய கையோடு பெரிட்டின் பார்த்தால் தாறுமாறாக ஏறித் தெரியும். அதனால் ஆகஸ்ட் வரை பொறுத்திருந்து எடுத்தோம்: 96. முடி உடனே நிற்கவில்லை. ஜூலை வரை கொட்டியது. இந்த முறை அவருக்குக் காலண்டர் தெரியும், கவர் எதுவும் வரவில்லை. செப்டம்பரில் குளிக்கும் நாள் கணக்கு ஐம்பது, அறுபது.

எங்கள் மறுபரிசோதனைப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன. மாதவிடாய் முன்பை விட அடிக்கடி வருகிறதா? மருந்து என்று நீங்கள் நினைக்காத மாத்திரை, பொடி, லேகியம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் பெரிட்டின் எடுக்கிறோம்.

டீச்சர் கடைசியாக வந்தது தை மாதம். நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் இரண்டு அங்குலக் குட்டை முடிகள் நட்டுக்கொண்டு நின்றன. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அவை பின்னலைத் தொட இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். எண்ணெய் வைத்தும் படிய மாட்டேன் என்கிறதாம். "நாலாங்கிளாஸ் பசங்க ஆண்டெனா டீச்சர்னு பேரு வெச்சுட்டானுங்க மேடம். இதுக்கு என்ன பண்றதுங்க?" என்றார். ஒன்றும் பண்ண வேண்டாம் என்றேன். அடுத்த பெரிட்டினுக்குத் தேதி எழுதிக் கொடுத்தேன்.